சந்திரகாந்தாவின் தாய்வீடு

1994-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'சந்திரகாந்தா' என்னும் இந்தித் தொடரை நம் குடும்பங்களிலும் கண்டவர் உண்டு. இந்தி அறிந்தவர்கள்தாம் காணவேண்டும் என்பதில்லை. மாறுவேடமும் மயக்கப் பொடியும், சுரங்க வழியும் ஆளை விழுங்கும் கற்சிலையும் மொழி தெரியாதவருக்கும் விளங்கக் கூடியவை. அடர்ந்த புருவத்தை உயர்த்தி 'யக்கூ' என்று கூவிய குரூர்சிங்கின் முகம் இன்றும் பலர் நினைவில் நிற்கிறது. நீரஜா குலேரி உருவாக்கிய அத்தொடர் 1996 வரை ஓடியது.

பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏதோ ராஜபுத்திரர் காலத்துப் பழங்கதை என்றே எண்ணினர். வீரேந்திரசிங், தேஜ்சிங், சிவதத்தன், சபலா என்ற பெயர்களைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தத் தொடரிலும், அதற்கு மூலமான நாவலிலும் இரண்டு சொற்கள் ஓயாமல் ஒலிக்கின்றன. ஒன்று 'அய்யார்', மற்றொன்று 'திலிஸ்ம்'. இவ்விரண்டு சொற்களையும் எடுத்துவிட்டால் சந்திரகாந்தாவில் ஒரு காதலும் ஒரு பொறாமையுமே மிஞ்சும். இரண்டும் சமஸ்கிருதமல்ல, பழைய இந்தியுமல்ல. அவற்றின் கைபிடித்து நடந்தால் எந்த வீட்டு வாயிலில் போய் நிற்போம் என்பதையே இங்கு ஆராய விழைகிறோம்.

முதலில் கதை. நவுகட் இளவரசன் வீரேந்திரசிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். விஜயகட் அமைச்சரின் மகன் குரூர்சிங் அவளை மணந்து அரியணையையும் அடைந்துவிடக் கனவு காண்கிறான். அது நடவாதெனக் கண்டதும் சுனார்க் கோட்டை மன்னன் சிவதத்தனிடம் ஓடி, அவன் மனத்தில் இளவரசியின் மீது ஆசையை மூட்டிவிடுகிறான். பிறகு கடத்தல், மீட்பு, மீண்டும் கடத்தல், போர். இதற்கிடையே சந்திரகாந்தா ஒரு திலிஸ்முக்குள் அகப்பட்டுக் கொள்ள, அதை உடைத்து அவளையும் அதனுள் இருந்த புதையலையும் வீரேந்திரன் அடைகிறான். அரசர்கள் பெயருக்கு இருக்கிறார்கள். கதையை நடத்துகிறவர்கள் அவர்களுடைய அய்யார்களே.

இதை எழுதியவர் தேவகி நந்தன் கத்ரி. 1861-இல் பிகாரின் பூசா பகுதியில் பிறந்தார். இளமையில் அவர் கற்றது உருதுவும் பாரசீகமும். இந்தியும் சமஸ்கிருதமும் காசிக்கு வந்த பிறகு கற்றவை. வட இந்தியாவில் எழுத்தறிந்த இந்துக் குடும்பங்களில் அந்நாளில் இது வியப்பன்று. காசி மகாராஜாவின் ஆதரவால் சக்கியா, நவுகட் காடுகளின் குத்தகை அவருக்குக் கிடைத்தது. மரம் வெட்டுவோரோடு மலைகளிலும் இடிந்த கோட்டைகளிலும் பாழடைந்த கிணறுகளிலும் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். குத்தகை கைவிட்டுப் போன பின் எழுதத் தொடங்கினார். 1888-இல் 'சந்திரகாந்தா' வெளிவரலாயிற்று. அதைத் தொடர்ந்து, அவர்கள் மக்களின் கதையாக 'சந்திரகாந்தா சந்ததி' 24 பாகங்களாக வளர்ந்தது. பிறகு 'பூத்நாத்', அதை முடிக்கு முன்பே 1913-இல் அவர் காலமாக, மகன் துர்கா பிரசாத் கத்ரி எழுதி நிறைவு செய்தார். தம் நூல்களை அச்சிட லஹரி அச்சகம் என்ற பெயரில் காசியில் சொந்த அச்சுக்கூடமே வைத்துக் கொண்டார் என்றால் விற்பனை எத்தகையது என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

இனி அய்யார் யார் என்று பார்ப்போம். அரபு மொழியில் இச்சொல் ஊர் சுற்றித் திரிபவனை, கட்டுக்கடங்காதவனைக் குறித்தது. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் பக்தாது நகரத்து ஏழை இளைஞர் கூட்டங்களுக்கு இப்பெயர் வழங்கியது. ஹாரூன் அர்ரஷீதின் மக்களாகிய அமீனும் மஃமூனும் அரசுரிமைக்காகப் போரிட்டபோது, 812-813-இல் முற்றுகையிடப்பட்ட பக்தாதில் அமீனின் பக்கம் நின்று போரிட்டவர்கள் இவர்களே. கவசம் இல்லை, பாய் முடைந்த கேடயங்களும் கவண்கற்களுமே ஆயுதம். வரலாற்றாசிரியர்கள் சிலர் இவர்களைக் கொள்ளையர் என்பர். சிலர் தெருவைக் காத்த வீரர் என்பர். இரண்டும் உண்மையாக இருந்திருக்கலாம். அதே நூற்றாண்டில் ஈரானின் கிழக்கே சிஸ்தான் பகுதியில் யாகூப் இப்னு லைஸ் என்ற செம்புக் கொல்லர் ஒருவர் அய்யார் கூட்டத்தில் சேர்ந்து, தலைவராகி, கடைசியில் ஸஃப்பாரி அரச மரபையே நிறுவினார். ஸஃப்பார் என்றால் செம்புக் கொல்லர் என்றே பொருள்.

தெருவில் பிறந்த இந்த மனிதனைப் பாரசீகக் கதைகள் தத்தெடுத்துக் கொண்டன. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஸமக்கே அய்யார்' என்ற உரைநடைக் கதையில் அவனே நாயகன். சொன்ன சொல் தவறாமை, நம்பியவரைக் காட்டிக் கொடாமை, தந்திரத்தில் நிகரின்மை ஆகியவை அவன் இலக்கணமாயின. திலிஸ்ம் என்ற சொல்லோ கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்தது. மந்திரவாதி ஒருவன் கட்டிவைத்த மாய உலகம் அது. அதற்குள் புகுந்தவன் வெளியேற வழி காணமாட்டான். அதை உடைக்கும் வழி ஒரு 'லவ்ஹு'வில், அதாவது ஏட்டுப் பலகையில், எழுதப்பட்டிருக்கும். அது உரியவன் கைக்குத்தான் கிட்டும்.

இவ்விரண்டும் ஒன்றாகக் குடிபுகுந்த பெரிய வீடு 'தாஸ்தானே அமீர் ஹம்ஸா'. நம் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று பல வகைகள் உண்டு என்பதை நேயர்கள் அறிவர். கிஸ்ஸா ஒரு மரம் என்றால் தாஸ்தான் ஒரு காடு. பெருமானார் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரும் உஹதுப் போரில் ஷஹீதானவர்களுமாகிய ஹஜ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரை அதன் நாயகன் தாங்கியிருக்கிறான். பெயர் மட்டுமே வரலாறு; மற்றதெல்லாம் கற்பனை. காஃப் மலைக்குப் பறப்பதும் தேவுகளோடு போரிடுவதும் பரிகளை மணப்பதும் வரலாற்றில் இல்லாதவை. ஆகவே மார்க்க அறிஞர்கள் இக்கதையை ஒருநாளும் விரும்பவில்லை. அவ்வெறுப்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் கதை பரவியது. மலாய் மொழியில் 'ஹிகாயத் அமீர் ஹம்ஸா' உண்டு. ஜாவாவில் அது 'மேனக்' ஆயிற்று. வங்கத்தில் 18-ஆம் நூற்றாண்டுப் புலவர்கள் அதைப் பாடினர்.

அக்பர் பாதுஷா இக்கதையில் மயங்கியவர். யானை வேட்டை முடிந்து இளைப்பாறும்போது தர்பார் கான் என்ற கதைசொல்லியைக் கொண்டு ஹம்ஸா கதை சொல்லக் கேட்டதை அபுல் ஃபஸ்லு எழுதி வைத்திருக்கிறார். அது போதாதென்று ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்களில் கதை முழுவதையும் தீட்டச் செய்தார். மீர் ஸையித் அலி, அப்துஸ் ஸமது என்ற ஈரானிய ஓவியர்கள் மேற்பார்க்க, 1562-ஐ ஒட்டித் தொடங்கிய வேலை ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்தது. முகலாய ஓவியக்கலை என்று இன்று உலகம் போற்றுவது பிறந்த பட்டறை அதுவே. அவ்வளவில் இன்று இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. அவற்றுள் 60 வியன்னா நகரில் இருக்கின்றன. சில ஓவியங்கள் 1881-இல் காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் பழம்பொருள் கடையொன்றின் சன்னலை மூடுவதற்குப் பயன்பட்டுக் கிடந்தபோது ஆங்கிலேயர் ஒருவர் கண்டு விலைக்கு வாங்கினார். அவை லண்டன் போய்ச் சேர்ந்தன. பாதுஷாவின் ஓவியம் சன்னலுக்குப் பலகையானது ஒருபுறமிருக்க, கதையோ மக்கள் வாயில் உயிரோடு இருந்தது.

தில்லி ஜாமிஆ மசூதிப் படிக்கட்டுகளிலும் லக்னோவின் சபைகளிலும் தாஸ்தான்கோக்கள் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தனர். போர், விருந்து, அய்யாரி, திலிஸ்ம் ஆகிய நான்கும் அவர்களுடைய கதையின் நான்கு தூண்கள். பாரசீகத்தில் ஒரு தொகுதியாக இருந்த கதை, உருதுவில் ஊர் ஊராகப் பெருகியது. இதில் நாம் மறவாமல் குறிக்க வேண்டிய பெயர் முன்ஷி நவல் கிஷோர். 1858-இல் லக்னோவில் அச்சகம் தொடங்கிய இப்பெருமகனார் இந்து. திருக்குர்ஆனையும் மார்க்க நூல்களையும் உரிய மரியாதையோடு அச்சிட்டுப் புகழ் பெற்றவர். அவரே கதைசொல்லிகளைக் கூலிக்கு அமர்த்தித் தாஸ்தானை எழுத வைத்தார். 1883 முதல் 1917 வரை 46 பெருந்தொகுதிகள் வெளிவந்தன. பக்கங்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டும். அவற்றின் மணிமுடி 'திலிஸ்மே ஹோஷ்ருபா'. அறிவைப் பறிக்கும் திலிஸ்ம் என்று பொருள். அதன் முதல் நான்கு தொகுதிகளை முஹம்மது ஹுஸைன் ஜாஹ் 1883-க்கும் 1890-க்கும் இடையில் எழுதினார். பிறகு அச்சகத்தாரோடு பிணங்கி விலக, எஞ்சியதை அஹ்மது ஹுஸைன் கமர் எழுதி முடித்தார்.

ஆண்டுகளை நேயர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1883-இல் ஹோஷ்ருபாவின் முதல் தொகுதி லக்னோவில் வெளிவருகிறது. வட இந்தியாவின் உருது வாசகர் அனைவர் கையிலும் அது புழங்குகிறது. ஐந்தே ஆண்டுகளில் அருகிலிருக்கும் காசியில், உருது கற்ற ஒருவர், அய்யார்களையும் திலிஸ்மையும் கொண்டு நாகரி எழுத்தில் நாவல் எழுதுகிறார். அரசவைகளில் அய்யார்கள் இருந்தனர் என்றும், அவர்களைப் பற்றி இந்தியில் இதுவரை நூல் இல்லை என்றும் அவரே முன்னுரையில் சொல்கிறார். இந்தியில் இல்லை என்பது உண்மைதான். அடுத்த அலமாரியில் அவர்கள் மலைபோல் குவிந்திருந்தனர்.

அய்யாரின் கைப்பொருள்களைப் பாருங்கள். மதிலேறக் கமந்து என்னும் வீச்சுக்கயிறு, இடையில் கஞ்சர், மயக்கத்தைத் தெளிவிக்க லக்லகா, தோழரை அழைக்க ஸஃபீல் என்னும் சீழ்க்கை. எல்லாம் தாஸ்தானின் சொற்கள். பொருளும் மாறாமல் பெயரும் மாறாமல் சந்திரகாந்தாவுக்குள் வந்திருக்கின்றன. ஹம்ஸாவின் அய்யாராகிய அம்ருவிடம் ஸம்பீல் என்றொரு பை உண்டு. நகரங்களையே அதற்குள் போட்டு வைப்பான். கத்ரியின் அய்யார்கள் தோளில் தொங்கும் சிறு பை அந்த ஸம்பீலின் பேரப்பிள்ளை. சந்திரகாந்தாவின் தோழி சபலா பெண் அய்யார். தொடரைக் கண்டவர்கள் ஒரு பெண் இப்படி மாறுவேடம் பூண்டு ஆண்களை ஏமாற்றுவதைப் புதுமை என்று வியந்தனர். ஹோஷ்ருபாவில் மந்திரவாதிகளின் அரசன் அஃப்ராஸியாபிடம் ஸர்ஸர் என்றொரு அய்யாரி இருக்கிறாள். வாள் வீச்சில் பெயர் பெற்றவள். அம்ருவையே பலமுறை திணற அடித்தவள். சபலாவின் பாட்டி அவளே.

இவ்வளவு சொன்னதால் கத்ரி திருடினார் என்று யாரும் பொருள் கொள்ளலாகாது. கதையுலகில் அப்படிப் பார்த்தால் ஒருவரும் தேற மாட்டார். எடுத்ததை அவர் தம் கையால் மாற்றினார். மாற்றியது வியக்கத் தக்கது. ஹோஷ்ருபாவின் திலிஸ்ம் முழுக்க முழுக்க மந்திரம். கத்ரியின் திலிஸ்மிலோ மந்திரமே இல்லை. கல்லால் செய்த கொக்கு வாயைத் திறந்து அருகில் வந்தவரை உள்ளிழுத்துக் கொள்கிறது, கதவுகள் தாமே மூடுகின்றன, படிக்கட்டு நகர்கிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே சங்கிலியும் சக்கரமும் பொறியும் இருப்பதாக அவர் பொறுமையோடு விளக்கிக் காட்டுகிறார். முன்னோர் புதையலைக் காக்கச் செய்துவைத்த இயந்திர மாளிகை அது. ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்து வாசகனுக்கு ஜின்னைவிட இயந்திரம் நம்பத் தகுந்ததாயிற்று. காட்டுக் குத்தகை எடுத்து இடிந்த கோட்டைகளில் அலைந்தவர் அல்லவா! சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் கதையிலும் தெரிகிறது.

அய்யாரையும் அவர் மாற்றினார். தாஸ்தானின் அம்ரு ஒட்டக ஓட்டியின் மகன். காசுக்கு அலைபவன், எதிரியையும் ஏமாற்றுவான், எசமானையும் ஏமாற்றுவான், ஆபத்தில் முதலில் ஓடுவான், ஆனால் இறுதியில் அவனே எல்லோரையும் காப்பான். கேட்பவர் சிரித்துச் சிரித்து அவனிடம் மனத்தைப் பறிகொடுத்தனர். கத்ரியின் தேஜ்சிங்கோ திவானின் மகன், இளவரசனின் உயிர்த்தோழன், நெறி தவறாதவன். அய்யார் அய்யாரைக் கொல்வதில்லை, சிறைப்படுத்துவதே முறை என்று ஒரு தொழில் தர்மத்தையும் கத்ரி வகுத்தார். தெருப்பிள்ளை அரண்மனைப் பிள்ளையாகி விட்டான். இதனால் கதைக்கு ஒழுங்கு வந்தது. ஆனால் அம்ருவோடு கூடப் போன சிரிப்பு திரும்பவில்லை என்பது நம் எண்ணம். பக்தாதின் பாய்க் கேடயக்காரர்களுக்கு அம்ருதான் நெருங்கிய உறவு.

மூன்றாவது மாற்றம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாவலில் நல்லவர் பக்கத்து அய்யார்கள் தேஜ்சிங், தேவிசிங், சபலா, சம்பா. வஞ்சகன் குரூர்சிங்கின் அய்யார்கள் இருவர். அவர்கள் பெயர் நாஸிமும் அஹ்மதும். சிவதத்தனின் பக்கத்தில் பத்ரிநாத், பன்னாலால் போன்றோர் இருக்கின்றனர். அவர்கள் பகைவராயினும் மதிக்கத் தக்கவர்கள். பின்னர் வீரேந்திரனின் பக்கம் வந்து சேர்கின்றனர். நாஸிமுக்கும் அஹ்மதுக்கும் அந்த வழி திறக்கவில்லை. முஸ்லிம்களின் கதைக் களஞ்சியத்திலிருந்து எடுத்த கலை. ஆனால் அக்கலையைக் கெட்ட வழியில் கையாளுகிறவர் மட்டுமே முஸ்லிம்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் நாகரிக்கும் உருது எழுத்துக்கும் நடந்த வழக்கின் காற்று நாவலுக்குள்ளும் வீசியிருக்கிறது. காசியில் 1893-இல் நாகரி பிரசாரிணி சபை தோன்றியது. 1900 ஏப்ரலில் மாகாண நீதிமன்றங்களில் நாகரிக்கும் இடம் கிடைத்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில்தான் சந்ததியின் பாகங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்து கொண்டிருந்தன.

அந்த வழக்கில் சந்திரகாந்தா ஆற்றிய பங்கு பேச்சுக்களாலும் மனுக்களாலும் ஆகாதது. உருது மட்டுமே அறிந்த எண்ணற்றோர் அதைப் படிப்பதற்காகவே நாகரி எழுத்தைக் கற்றனர் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் வழங்கும் செய்தி. ஆசாரியர் ராமசந்திர சுக்லர் 1929-இல் எழுதிய இந்தி இலக்கிய வரலாற்றில், கத்ரியின் நாவல்களை உயர்ந்த இலக்கியமாக ஏற்க மறுத்தார். ஆயினும் அவரைப் போல் வாசகரை உண்டாக்கியவர் வேறொருவர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். அவருடைய மொழி இலக்கிய இந்தியன்று, வழக்கிலிருக்கும் இந்துஸ்தானி என்றும் எழுதினார். ஆம், உருது வாசகன் தடுமாறாமல் உள்ளே வரவேண்டும் என்றால் அவன் நாவில் பழகிய சொற்கள் வேண்டுமே! உருதுவின் சொல்லும் உருதுவின் கதையுமே உருது வாசகனை நாகரிக்கு அழைத்துச் சென்றன.

அப்படியானால் தாய்வீட்டார் என்ன செய்து கொண்டிருந்தனர்? இதுவே நாம் நின்று கேட்க வேண்டிய கேள்வி. மகளைப் பிறர் கொண்டு போய்விட்டனர் என்று புலம்புவது எளிது. நாமே வாசற்படிக்கு வெளியே வைத்த கதை அது. 1857-க்குப் பின் வந்த சீர்திருத்தக்காரர்களுக்குப் பழைய கதைகள் தோல்வியின் காரணங்களாகத் தோன்றின. டெபுடி நஸீர் அஹ்மது 1870-களில் எழுதி அரசாங்கப் பரிசு பெற்ற 'தவ்பத்துந் நஸூஹ்' நாவலில், மனந்திருந்திய தந்தை தம் மூத்த மகனின் கதை நூல்களையும் கவிதை நூல்களையும் குவித்து எரிக்கிறார். ஆசிரியர் அதைப் பாராட்டத் தக்க செயலாகவே காட்டுகிறார். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள் பெண்களுக்காக எழுதிய 'பிஹிஷ்தி ஸேவர்' நூலில் வீட்டில் வைக்கத் தகாத நூல்களின் வரிசை ஒன்று உண்டு. அதில் அமீர் ஹம்ஸா தாஸ்தானும் அல்ஃப் லைலாவும் இடம் பெறுகின்றன. ஈமானைக் காக்க எண்ணிய பெரியோரின் கவலை நமக்கு விளங்குகிறது. ஷஹீதான ஸஹாபி ஒருவரின் பெயரில் பரிகளின் காதலைச் சொல்வது அவர்களுக்கு எப்படிப் பொறுக்கும்? ஆயினும் விளைவையும் சொல்லியாக வேண்டும். ஒருபுறம் மார்க்க அறிஞர், மறுபுறம் அலிகாரின் ஆங்கிலம் கற்றோர். இருவரும் எதிரெதிரே நின்றாலும் தாஸ்தானை வெளியேற்றுவதில் ஒன்றுபட்டனர்.

தில்லியின் கடைசித் தாஸ்தான்கோ மீர் பாகர் அலி. ஒருவராக உட்கார்ந்து ஒரு படையையே கண்முன் நிறுத்துவார் என்பர். கேட்பவர் குறைந்தனர், சினிமா வந்தது. கடைசிக் காலத்தில் பாக்குத் தூள் விற்று வாழ்ந்த அவர் 1928-இல் மறைந்தார். அதே ஆண்டுகளில் காசியில் சந்திரகாந்தா பதிப்பின்மேல் பதிப்பாக விற்றுக் கொண்டிருந்தது.

இனி, தொலைக்காட்சிக்கு வருவோம். தொடருக்குக் கதை வசனம் அமைத்தவர் புகழ்பெற்ற இந்தி எழுத்தாளர் கமலேஸ்வர். சில ஆண்டுகளுக்குப் பின், 2000-இல், மதத்தின் பெயரால் மண்ணைக் கூறுபோடுவதை வரலாற்றின் நீதிமன்றத்தில் நிறுத்திய 'கித்னே பாகிஸ்தான்' நாவலை எழுதியவர் அவரே. வீரேந்திரனாக நடித்தவர் ஷாபாஸ் கான். இந்துஸ்தானி இசையின் மாமேதை உஸ்தாது அமீர் கானின் புதல்வர். பத்ரிநாதாக நடித்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இர்ஃபான் கான். 1992 டிசம்பருக்குப் பின் நாட்டில் நிலவிய மனநிலையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாருடையது எது என்று தெருத் தெருவாகச் சச்சரவு நடந்த அந்த நாட்களில், எல்லா வீட்டாரும் ஞாயிறு காலையில் அமர்ந்து அரபுப் பெயர் தாங்கிய ஒரு கலையைக் கண்டு களித்தனர். யாரும் அதன் ஊரைக் கேட்கவில்லை. கேட்காததால் சச்சரவும் எழவில்லை என்று ஒருவர் சொல்லலாம். கேட்டுத் தெரிந்து கொண்டிருந்தால் வேறு சில சச்சரவுகள் தணிந்திருக்கக் கூடும் என்று நாம் சொல்வோம்.

தொடர் நாவலைப் பெரும்பாலும் கைவிட்டுத் தன் போக்கில் சென்றது என்பது நாவலைப் படித்தவர்களின் குறை. குறை நியாயமானதே. ஆனால் அது போன திசை நமக்குச் சுவையாகப் படுகிறது. கத்ரி கவனமாக அகற்றிய மந்திர மாயங்களைத் தொடர் மீண்டும் கொண்டு வந்து சேர்த்தது. பொறியும் சக்கரமும் காட்டி அவர் விளக்கிய இடங்களில் புகையும் ஒளியும் மாயமும் வந்தன. தயாரித்தவர்கள் ஹோஷ்ருபாவைப் புரட்டிப் பார்த்துச் செய்தனரா என்பது முக்கியமன்று. திலிஸ்ம் என்ற சொல்லை வைத்துக் கொண்டால் அதன் பழைய குணம் தானே தலைகாட்டிவிடுகிறது. முடிவில்லாமல் நீள்வதும் அப்படியே. ஒரு கிளைக்கதையிலிருந்து மற்றொன்று பிறந்து, முதலில் தொடங்கியது எது என்பதே மறந்துபோக, அடுத்த வாரம் வரை கேட்பவரைத் தொங்கலில் விடுவது லக்னோவின் தாஸ்தான்கோக்கள் நன்கறிந்த வித்தை. நாவலாசிரியர் ஓரளவு கட்டுப்படுத்திய அந்த வெள்ளம் தொலைக்காட்சியில் மறுபடி கரை புரண்டது. 2017-இல் இரண்டு தனியார் நிறுவனங்கள் ஒரே ஆண்டில் சந்திரகாந்தாவை மீண்டும் எடுத்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. விஜயகட் சோன்பத்ரா மாவட்டத்தின் மலைமேல் இடிந்து கிடக்கிறது. சுனார் கங்கைக் கரையில் ஓங்கி நிற்கிறது. ஷேர்ஷா சூரி, ஆட்சியாளர் தாஜ் கானின் விதவை லாட் மலிகாவை மணந்து பெற்ற கோட்டை அது. ஹுமாயூன் முற்றுகையிட்ட கோட்டை. இன்று அங்கே செல்வோர் பலர் சந்திரகாந்தாவின் கோட்டை என்றே அதைக் காண்கின்றனர். வரலாற்றைக் கதை வென்றுவிட்டது. ஹஜ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயருக்கு நேர்ந்ததும் ஒருவகையில் இதுவே. கதைகளை அஞ்சிய உலமாக்கள் முற்றிலும் காரணமின்றி அஞ்சவில்லை என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளலாம்.

தாய்வீட்டிலும் விளக்கு அணைந்து போகவில்லை. அலகாபாதில் வாழ்ந்த உருது அறிஞர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி (1935-2020) நாற்பத்தாறு தொகுதிகளையும் தேடிச் சேர்த்துப் படித்து, தாஸ்தானுக்கென்று தனி இலக்கணம் உண்டு, அதை நாவலின் அளவுகோலால் அளக்கலாகாது என்று பல நூல்களில் நிறுவினார். அவர் தூண்டுதலால் மஹ்மூத் ஃபாரூக்கி 2005-இல் தில்லியில் தாஸ்தான் சொல்லும் கலையை மீண்டும் மேடையேற்றினார். மீர் பாகர் அலி மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பின் அம்ருவின் தந்திரங்களுக்கு மறுபடி சிரிப்பொலி எழுந்தது.

அதற்கும் முன்னர் 1988-இல் பாட்னாவின் குதா பக்ஷ் நூலகம் திலிஸ்மே ஹோஷ்ருபாவின் தொகுதிகளை நவல் கிஷோர் பதிப்பில் இருந்தபடியே மறுபதிப்பாக வெளியிட்டது. கத்ரி பிறந்த அதே பிகார். சந்திரகாந்தா வெளிவரத் தொடங்கிச் சரியாக நூறு ஆண்டுகள். ஆனால் சந்திரகாந்தாவுக்காக நாகரி கற்றவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அப்போது மிகச் சிலரே.